கரும்புத் தீவுகளில் காவிரிப் படுகை

கரீபியக் கடலில் சுற்றுலாக் கப்பலில் போகிறவர்களுக்கு ஒவ்வொரு துறையிலும் பெரும்பாலும் ஒரு பகல்தான் கிடைக்கும். காலையில் இறங்கினால் மாலைக்குள் ஏறிவிட வேண்டும். அதற்குள் எதைப் பார்ப்பது, எதைச் சாப்பிடுவது, எதை வாங்கிக்கொண்டு திரும்புவது என்று வழிகாட்டிகள் சொல்லித் தருகிறார்கள். மார்த்தினிக் தீவின் ஃபோர்-த-பிரான்ஸில் ஷோல்ஷேர் நூலகமும் சவான் பூங்காவும். குவாதலூப் தீவின் புவாந்த்-அ-பித்ரில் சந்தையும், பழைய சர்க்கரை ஆலை நின்ற இடத்தில் 2015-ல் திறந்த அடிமை வரலாற்று நினைவகமும். செயின்ட் தாமஸ் தீவின் சார்லட் அமாலியாவில் டேனியர்களின் செந்நிறக் கோட்டை. இவற்றோடு வேறு மூன்று விஷயங்களும் சொல்லப்படும். கட்டம் போட்ட ‘மெட்ராஸ்’ துணியில் பெண்கள் கட்டும் தலைக்கட்டு, ‘கொலம்போ’ என்ற மசாலாக் கறி, குவாதலூப்பின் கபெஸ்தேர் பெல்லோ ஊருக்கருகே சாங்ஜியில் வண்ணச் சிலைகள் நிறைந்த மாரியம்மன் கோயில். பயணிகள் இந்த மூன்றையும் தீவின் தனிச்சுவை என்று ரசித்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்புகிறார்கள். அவற்றில் காவிரிப் படுகையின் பங்கு பெரிது. தஞ்சை மண்ணின் வரலாறாக நாம் எழுதியும் காட்டியும் வருவதில், அந்த மண்ணில் உழைத்தவர்களைப் பற்றிய ஓர் அத்தியாயம் விடுபட்டிருக்கிறது. அது அந்தத் தீவுகளில் கிடக்கிறது. அதைத் தஞ்சை வரலாற்றுக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பதே இங்கே என் வாதம்.

ஆட்கள் போவதற்கு வெகுகாலம் முன்பே துணி போய்விட்டது. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1672-ல் அதே டேனிய அரசின் கொடி செயின்ட் தாமஸ் தீவில் ஏறியது. 1733-ல் செயின்ட் குரோய் தீவைப் பிரெஞ்சுக்காரரிடம் விலைக்கு வாங்கினார்கள். இரண்டு கரைகளுக்கும் நடுவே மேற்கு ஆப்பிரிக்காவில் கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டையை வைத்திருந்தார்கள். ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளுக்கு ஈடாகக் கொடுத்த சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணிக்குப் பெரிய இடம் உண்டு என்பதை இன்று வரலாற்றாசிரியர்கள் மறுப்பதில்லை. சோழமண்டலக் கரையில் தறியிலிருந்து இறங்கிய துணி ஐரோப்பிய ஏலத்துக்குப் போய், அங்கிருந்து ஆப்பிரிக்காவில் மனிதருக்கு விலையாகி, கடைசியில் மேற்கிந்தியத் தீவில் சர்க்கரையாயிற்று. அந்தத் துணி முழுவதும் தஞ்சை நெசவாளர் போட்டது என்று சொல்ல முடியாது. மசூலிப்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரை பல ஊர்த் தறிகளின் உழைப்பு அது. ஆனாலும் தரங்கம்பாடிக் கோட்டையையும் சார்லட் அமாலியாக் கோட்டையையும் தனித்தனிக் கதைகளாகச் சொல்வது பாதிக் கதையைத்தான் சொல்வதாகும். டேனியர்கள் இரண்டையும் விற்றுவிட்டுப் போனார்கள். தரங்கம்பாடியை 1845-ல், வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு, ஆங்கிலேயரிடம் கொடுத்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளை 1917-ல் 2.5 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் கொடுத்தார்கள்.

ஆட்கள் போன கதைக்கு இரண்டு சட்டங்கள் அடிப்படை. 1843-ல் கம்பெனி ஆட்சி இயற்றிய ஐந்தாம் சட்டம், ஒருவர் இன்னொருவருக்கு அடிமை என்ற உரிமையை இனி நீதிமன்றங்கள் ஏற்காது என்றது. 1848 ஏப்ரலில் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. முதல் சட்டம் காவிரிப் படுகையில் பண்ணையாளைக் கட்டிவைத்திருந்த சட்டபூர்வமான பிடியைத் தளர்த்தியது. கடனும் குடிசை மனையும் போட்ட பிடியை அது தொடவில்லை. இரண்டாவது சட்டம் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்ட முதலாளிகளை ஆளுக்கு அலைய வைத்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்கள் பழைய எஜமானனின் தோட்டத்தில் அவன் சொன்ன கூலிக்கு இறங்க மறுத்தார்கள். இந்த இரண்டு நிலைமைகளும் சந்தித்த முக்கியமான இடம் காரைக்கால். 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த அந்தத் துறைக்கு ஒரு பக்கம் கடல், மற்ற எல்லாப் பக்கமும் தஞ்சை ஜில்லா. ‘ஓரேலி’ என்ற கப்பல் முந்நூற்றுச் சொச்சம் பேரோடு 1853 மே 6 அன்று மார்த்தினிக்கின் சேன்-பியேர் துறையை அடைந்தது. அதே கப்பல் 1854 டிசம்பரில் கிறிஸ்துமஸையொட்டி அதே அளவு கூட்டத்தைப் புவாந்த்-அ-பித்ரில் இறக்கியது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போக ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். இந்த ஏற்றுமதி 1880-களின் கடைசி வரை நடந்தது. அதற்குள் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,500 பேரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

அவர்கள் பிரெஞ்சு இந்தியாவின் குடிகள், அதனால் அது பிரான்சின் காலனி வரலாறு, தஞ்சைக்கு அதில் என்ன பங்கு என்று கேட்பவர்கள் உண்டு. காரைக்காலின் பரப்பு ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டர். புதுச்சேரியைச் சேர்த்துக்கொண்டாலும் அந்தச் சிறு துண்டு நிலங்கள், ரீயூனியன் தீவுக்குப் போனவர்களை விட்டுவிட்டு எண்ணினாலும், இத்தனை ஆயிரம் பேரைத் தந்திருக்க முடியாது. எல்லையைத் தாண்டி ஆங்கிலேயர் ஆண்ட ஊர்களிலிருந்து ஆள்பிடித்து வந்த மேஸ்திரிகள்தான் கப்பலை நிரப்பினார்கள். திருநள்ளாற்றைத் தாண்டிக் காவல் இல்லாத வயல் வரப்பில் நடந்தால் நாடு மாறிவிடும். இது ஆங்கிலேய அரசுக்கும் தெரிந்திருந்தது. 1850-களில் தன் எல்லைக்குள் பிரெஞ்சுத் தரகர்கள் ஆள் சேர்ப்பதை அது சட்டவிரோதம் என்றது. பிறகு 1861 ஜூலை 1 அன்று இரண்டு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டு அதையே முறைப்படுத்திவிட்டன. அதன்படி பிரெஞ்சுக் காலனிகளுக்கு ஆங்கிலேய இந்தியாவிலேயே ஆள் சேர்க்கலாம். கப்பல் ஏற்றும் துறைகளில் காரைக்காலும் ஒன்று. ஆக, காரைக்கால் என்பது வாசல்தான். வாசலுக்கு வந்தவர்கள் நடந்து வந்த வழி தஞ்சை வழியாகத்தான் இருந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. தஞ்சை நெற்களஞ்சியம் ஆயிற்றே, சென்னை மாகாணத்தின் வறண்ட ஜில்லாக்கள் பஞ்சத்தில் வாடியபோதும் காவிரி கைவிடாத மண்ணாயிற்றே, அங்கிருந்து எவன் உலகத்தின் மறுகோடிக்குக் கூலியாகப் போவான் என்பது அது. இதற்கு விடை நெல்லின் கணக்கிலேயே இருக்கிறது. 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையும் கொள்ளிடத்தில் கீழணையும் கட்டிய பிறகு பாசனம் நிலைப்பட்டது, விளைச்சல் கூடியது, நிலத்தின் விலை ஏறியது. ஏறிய மதிப்பு முழுவதும் நிலம் வைத்திருந்த மிராசுதார் கைக்குப் போனது. நிலத்தில் இறங்கி உழைத்தவருக்குக் கிடைத்தது களத்தில் அளந்து கொடுத்த நெல். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்தால் ஆற்றில் புதுப்புனல் வரும்வரை வயலில் வேலை கிடையாது. மேட்டூர் அணை வந்ததே 1934-ல்தான். அந்த வெயில் மாதங்களில் பண்ணையாள் வாங்கித் தின்ற நெல் கடனாக நிற்கும். கல்யாணம், சாவு என்று வாங்கியதும் அதோடு சேரும். அப்பன் பட்ட கடனுக்கு மகன் ஏர் பிடிப்பான். வளமான மண்ணில்தான் இந்தப் பிடி இறுக்கமாக இருந்தது, ஏனென்றால் வளமான நஞ்சைக்குத்தான் நடவிலும் அறுப்பிலும் தவறாமல் ஆள் வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு, 1952-ல், தஞ்சைக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஒன்று கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்குப் பதினாறு ஆண்டு கழித்துக் கீழ்வெண்மணியில் கூலிச் சண்டையில் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்து செத்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் மேஸ்திரி வந்து, அக்கரைச் சீமையில் ஐந்து வருஷம் வேலை, மாதம் பணமாகவே கூலி, முடிந்ததும் திரும்பிவரக் கப்பல் செலவும் உண்டு என்று சொன்னால், சொன்னதில் பாதியாவது உண்மையாக இருக்கும் என்று நம்பிக் கிளம்பியவனை விவரமில்லாதவன் என்று தள்ளிவிட முடியாது. அதே காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் மலாய்த் தோட்டங்களுக்கும் கப்பல் கப்பலாக ஆட்கள் போனார்கள். இலங்கைக்குத் தஞ்சை அரிசி போயிற்று. ஒரே கரை அரிசியையும் ஏற்றுமதி செய்தது, அந்த அரிசியை விளைவித்தவர்களையும் ஏற்றுமதி செய்தது.

போனவர்கள் எல்லோரும் டெல்டாக்காரர்களா என்றால், இல்லை. திருச்சி, சேலம் பக்கத்து வறண்ட ஊர்களிலிருந்து வந்தவர்களும் தெலுங்கரும் அந்தக் கப்பல்களில் இருந்தார்கள். சில கப்பல்கள் கல்கத்தாவிலிருந்தும் போயின. அதனால் அந்தத் தீவுகளில் இருப்பதைப் பொதுவாகத் தமிழ்நாட்டின் எச்சம் என்று சொல்லலாமே தவிர, காவிரிப் படுகையின் எச்சம் என்று எப்படிச் சொல்வது? மாரியம்மனும் மதுரை வீரனும் தமிழகத்தின் எந்த மூலையிலும் உள்ள தெய்வங்கள்தான். அவர்களை மட்டும் வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இந்த இருவரோடும் சேர்த்து அந்தத் தீவுகளில் கும்பிடப்படும் மூன்றாமவர் நாகூர் மீரா. காரைக்காலுக்குத் தெற்கே, நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது நாகூர். அங்குள்ள தர்காவுக்குத் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங் கட்டிக் கொடுத்த 131 அடி உயரப் பெரிய மனோரா கடலில் வருகிறவர்களுக்கு வெகுதூரத்திலேயே தெரியும். நாகூர் மீரா எனப்படும் சாகுல் ஹமீது ஆண்டவர் கடலில் தத்தளிக்கிற கப்பலைக் காப்பாற்றுகிறவர் என்று இந்தக் கரையில் இந்துக்களும் முஸ்லிம்களும் நம்புகிறார்கள். கந்தூரிக்குக் கொடி நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் உருவத்தில் செய்த ரதங்களில் ஊர்வலமாக வரும். குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் மாரியம்மனுக்குப் பூசை போடுகிற இந்துக் குடும்பங்கள் நாகூர் மீராவுக்குக் கம்பம் நட்டுக் கொடி ஏற்றுகின்றன. மூதாதையரைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தவர் என்று அவரைச் சொல்கின்றன.

பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்காக்கள் இருக்கின்றனவே, அங்கே அவற்றை எழுப்பியது கரையோர முஸ்லிம் வணிகர்கள்தானே, பக்தி எங்கே இருந்ததோ அங்கேதான் பக்தர்களின் பூர்வீகம் என்று முடிவுகட்டலாமா என்று இங்கே கேட்கலாம். நியாயமான கேள்வி. மார்த்தினிக்கின் கொடிக்கம்பத்தை நட்டவர் சேலத்துக்காரராகவே இருந்திருக்கலாம். அப்படியானால் விஷயம் இன்னும் ஆழமாகிறது. காரைக்காலில் கூலி டிப்போவில் கப்பலுக்காகக் காத்துக் கிடந்த நாட்களில், கடலையே பார்த்திராத ஒருவர், இந்தக் கரைக்காரர்கள் கடலுக்குப் பயந்தபோது கூப்பிடும் பெயரைக் கற்றுக்கொண்டார். அந்தப் பெயரை நான்கைந்து தலைமுறை தாண்டிப் பேரப்பிள்ளைகள் இன்னும் கூப்பிடுகிறார்கள். பிறப்பால் டெல்டாக்காரர் அல்லாதவர் மீதும் டெல்டா தன் அடையாளத்தைப் போட்டு அனுப்பியது. ஒரு நிலத்தின் வரலாறு அங்கே பிறந்தவர்களோடு முடிவதில்லை. அதைக் கடந்து போனவர்களும் அதற்குள் சேர்த்தி.

மொழி போய்விட்டதே என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். தீவுகளில் வீட்டு மொழி கிரியோல், பள்ளி மொழி பிரெஞ்சு. பூசாரி மனப்பாடமாகச் சொல்லும் தமிழை அவரே முழுதும் அறிந்து சொல்கிறார் என்று சொல்ல முடியாது. அப்படியிருக்க மிச்சமிருப்பது வெறும் பழக்கம்தானே? அந்தப் பூசையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மார்த்தினிக்கின் வடக்கே பாஸ்-புவாந்த் பகுதியில் பழைய தோட்டங்களை ஒட்டிய சின்னக் கோயில்களில் பூசை தொடங்கும் முன் தப்படிக்கிறவர்கள் தீ மூட்டித் தோலைக் காய்ச்சுகிறார்கள். ஆட்டுத்தோல் சூடேறி இறுகியதும் விரலால் தட்டிப் பார்த்து, போதாவிட்டால் மறுபடியும் நெருப்பில் காட்டுகிறார்கள். அந்த வாத்தியத்தின் பெயர் அங்கே ‘தப்பு’ என்பதன் சாயலிலேயே நிலைத்திருக்கிறது. அடி ஏற ஏறச் சாமி வருகிறது. இரண்டு பேர் இரண்டு முனையையும் பிடித்துக்கொள்ள, கூர்ப்பக்கம் மேலே பார்த்த கரும்பு வெட்டும் கத்தியின் மேல் பூசாரி வெறுங்காலோடு ஏறி நின்று குறி சொல்கிறார். பிறகு வேப்பிலை, கற்பூரம், ஒரே வெட்டில் கிடா. குவாதலூப்பில் இரவு முழுக்க மதுரை வீரன் கதையைக் கூத்தாக ஆடும் மரபும் உண்டு. கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டு ஆடுகிறவர்களைக் கண்டால் நம்மூர்க் கூத்துக்காரர்களை நினைக்காமல் இருக்க முடியாது. வார்த்தை போன பிறகும் கைக்கும் காலுக்கும் இவ்வளவு நினைவிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலும் சரஸ்வதி மகால் நூலகமும் அரசர்களின் நினைவைக் கல்லிலும் ஓலையிலும் வைத்திருக்கின்றன. அரிவாள் பிடித்தவர்களின் பத்தொன்பதாம் நூற்றாண்டு நினைவுக்கு அப்படி ஓர் இடம் இந்த மண்ணில் இல்லை. அவர்கள் தப்பு அடித்த விதமும் குறி கேட்ட விதமும் கிரியோல் பேசும் ஒரு தீவில் காப்பாற்றப்பட்டிருக்கின்றன என்றால், அதை வெறும் பழக்கம் என்று ஒதுக்குவது நியாயமில்லை. கப்பல் போக்கு 1880-களில் நின்ற பிறகு ஊரோடு தொடர்பு அனேகமாக அறுந்துபோனது. தமிழகத்தில் பின்னால் வந்த கோயில் சீர்திருத்தங்களும் பலித் தடைகளும் சினிமாவும் அங்கே எட்டவில்லை. இப்போது அங்கேயும் கிடா வெட்டை விட்டுவிட்டு ஆகம முறைக்கு மாற வேண்டும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அவர்கள் உரிமை அது. ஆனால் மாறுவதற்குள் பழையதைப் பதிவு செய்துவிட வேண்டும் என்ற அக்கறை நமக்கு இருந்தாக வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கூலிகளின் துயரத்தைச் சொல்லும்போது அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களின் துயரத்தோடு அதைச் சமப்படுத்திவிடும் ஆபத்து இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. நம்மவர்கள் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர்கள். ஐந்து வருஷம், ஆணுக்கு மாதம் 12.50 பிராங்க் என்று தாளில் எழுதியிருந்தது, திரும்பும் உரிமையும் எழுதியிருந்தது. விடுதலையான ஆப்பிரிக்கர்கள் கேட்ட கூலியைக் கொடுக்காமல் இருப்பதற்காகவே நம்மவர்கள் வரவழைக்கப்பட்டார்கள் என்பதும், அதனால் இரு சாராருக்கும் இடையே வெகுகாலம் கசப்பு இருந்தது என்பதும் அந்த வரலாற்றில் சேர்ந்தவை. ஆனால் தாளில் எழுதியது வேறு, நடந்தது வேறு. குவாதலூப்புக்குப் போன 42,000 பேரில் ஊர் திரும்பியவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. பெரும்பகுதியினர் நோயிலும் வேலையிலும் அங்கேயே மாண்டார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குக்கூடக் குடியுரிமை சுலபத்தில் கிடைக்கவில்லை. கபெஸ்தேரில் 1863-ல் பிறந்த ஆன்றி சிதம்பரம் 1904-ல் வாக்காளர் பட்டியலை வைத்து வழக்குத் தொடங்கினார். தீர்வு கிடைத்து, இந்திய வம்சாவளியினர் பிரெஞ்சுக் குடிகளாக ஏற்கப்பட்டது 1923-ல்தான். சிதம்பரத்தின் பெயர் குவாதலூப்பில் மதிப்போடு சொல்லப்படுகிறது. சிதம்பரம் ஊர் இருக்கும் கொள்ளிடக் கரையில் அவரைப் பற்றி நாம் ஒரு வரிகூடப் படிப்பதில்லை.

சுற்றுலாவுக்காகக் காட்டுவது எல்லாம் மேலோட்டம், வரலாறு அதில் வராது என்று சொல்லி இதைக் கைகழுவிவிடலாம் என்றால், நம் பக்கத்துச் சுற்றுலாவையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டை, 1718-ல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம், சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட கதை, கடல் அரித்துக்கொண்டிருக்கும் மாசிலாமணிநாதர் கோயில் ஆகியவற்றை அங்கே போகிறவர் பார்க்கிறார், பார்க்க வேண்டியவைதான். வந்தவர்களின் கதை அங்கே நன்றாகவே சொல்லப்படுகிறது. அந்தக் கரையிலிருந்து போனவர்களின் கதை அதற்கு இணையாக எங்கும் சொல்லப்படவில்லை. நாகூருக்கும் திருநள்ளாற்றுக்கும் வருகிற லட்சக்கணக்கான பேர் காரைக்கால் வழியாகவே போகிறார்கள். இந்தத் துறையிலிருந்து கரும்புத் தீவுகளுக்குக் கப்பல் போனது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? புவாந்த்-அ-பித்ரில் ஒரு பகலுக்கு இறங்குகிற பயணியாவது மாரியம்மன் கோயில் வாசலில் நின்று, இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்கிறார்.

இதில் கையில் எடுத்துச் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. குவாதலூப்பிலிருந்தும் மார்த்தினிக்கிலிருந்தும் பூர்வீகம் தேடி வருகிறவர்கள் கையில் பிரெஞ்சு எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்த பெயர்களைக் கொண்டு வருகிறார்கள். ராமசாமியும் முத்துசாமியும் வீரப்பனும் குடும்பப் பெயர்களாகி, எழுத்து மாறி, உச்சரிப்பு மாறிப் போயிருக்கும். ஊர்ப் பெயரும் அப்படித்தான். அதை நன்னிலமா, நாங்கூரா, நல்லூரா என்று பாரிஸில் உட்கார்ந்துகொண்டு யாரும் சொல்லிவிட முடியாது. எந்த ஊரில் எந்தக் காவல் தெய்வம், எந்தத் தெரு எந்தப் பண்ணையைச் சேர்ந்தது, பழைய செட்டில்மென்ட் ரிஜிஸ்டரில் அந்தக் கிராமம் எந்த வட்டத்தில் வரும் என்று தெரிந்தவர்கள் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை ஜில்லாக்களில் இன்னும் இருக்கிறார்கள். பழைய கணக்குப்பிள்ளைகளின் வாரிசுகளும், வட்டார வரலாறு எழுதும் பள்ளி ஆசிரியர்களும், கல்லூரி வரலாற்றுத் துறை மாணவர்களும் கப்பல் பட்டியல்களையும் கிராமக் கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், அந்தப் பெயர்களில் ஒரு பகுதியையாவது அவற்றின் ஊரோடு சேர்த்துவிடலாம். அப்படிச் சேர்த்த பதிவை முதலில் வைப்பதற்குக் காரைக்காலில் ஒரு கட்டடத்தின் ஓர் அறை போதும்.